கை விடு

ராமக்கல்மேட்டில் பதினொரு மணி வரை
காற்று எதையும் முடிவெடுப்பதில்லை.
புல்லைப் பிடுங்கித் தூவினால்
ஒரு பிடி கேரளத்துக்கு, ஒரு பிடி தமிழ்நாட்டுக்கு.
முதுகுக்குப் பின்னால் காற்றாலைகள்.
போன மாதம் வரை அவற்றின் உச்சியில்தான் வேலை எனக்கு:
கிரீஸ், நட்டு, இருநூறு படி ஏணி.
அங்கே கயிறு என்னை இரும்போடு கட்டியிருந்தது.

மாசி மாதக் கீழ்க்காற்று கடைசியில்
பாறையில் ஏறி வந்து முகத்தில் மோதியது.
இடது தொடை வார், வலது தொடை வார், நெஞ்சு.
மறுபடி இடது தொடை.
மாட்ட மறந்தவன் இரண்டாம் முறை மறப்பதில்லை
என்பான் சாபு, சிரிக்காமல்.
ஓடினேன்.
ஏழாவது அடிக்குத் தரை இல்லை.

எல்லையைத் தேடினேன்.
இந்தப் பக்கம் ஏலக்காட்டின் இருட்டு,
அந்தப் பக்கம் வெயில்.
அவ்வளவுதான் கோடு.
கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம்,
கிணறுகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டின.

கரட்டுக்கு மேல் வந்தபோது
சுட்ட பாறை ஒரு குமிழை விடுவித்தது.
இறக்கையின் வலது பாதி இல்லை.
கொடியில் காய்ந்த சேலை நுனியைக்
கன்று வாயில் போட்டுக்கொண்டதுபோல
உள்ளே இழுத்துக்கொண்டது வானம்.
அடிவானம் சாய்ந்தது, சுழன்றது.
என் கைகள் இரண்டும் கைப்பிடிகளைக்
கீழே, இன்னும் கீழே இழுத்தன,
கிணற்றில் விழுந்தவள் படிக்கல்லைப் பிடிப்பதுபோல.

காதருகே சாபு:
"கை விடு. கை விடு."

என் மொழியில் அது
பயிரை, பிள்ளையை, கட்டியவளை
விட்டுப்போகிறவர்களுக்கான சொல்.
அவன் மலையாளத்தில்
கை என்றால் கை. விடு என்றால் விடு.
நடுவே ஒரு இடைவெளி.
அந்த இடைவெளிக்குள்தான் விழுந்துகொண்டிருந்தேன்.

விட்டேன்.
துணி இருக்கிற பக்கம் உடம்பைச் சாய்த்தேன்.
ஈரப் போர்வையை உதறும் சத்தம்.
மேலே முழுதாக, மஞ்சளாக, ஒன்றும் நடவாததுபோல் அது.

பிறகு இறங்குவது.
திராட்சைப் பந்தல் வேண்டாம்: கல்தூண், கம்பி.
தென்னந்தோப்பு வேண்டாம்.
மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது.
இரண்டு கம்பங்களைப் பார்த்தால்
நடுவே இருக்கிறதென்று நம்ப வேண்டும்,
கடவுளைவிட உறுதியாக.
அறுத்த சோளக்காடு ஒன்று. மூலையில் யாரோ
தட்டை எரிக்கிறார்கள்.
மேலே கீழ்க்காற்று. புகையோ தெற்கே படுக்கிறது.
அப்படியானால் தரைக்கு அருகில் வேறு காற்று,
அப்படியானால் வடக்கே முகம்.
காட்டைச் சுற்றி மூன்று பக்கம் அளந்து வந்தேன்,
ஒவ்வொரு திருப்பத்திலும் உயரத்தைச் செலவழித்து.
கால்களைத் தொங்கவிட்டேன்.
ஓர் ஆள் உயரம்.
விட்ட அதே கைகளை
இப்போது இடுப்புக்குக் கீழே, முழுதாக.

நான்கு அடி ஓட்டம். புழுதி. நான்.

முதலில் வந்தது ஒரு கோம்பை நாய்,
இறக்கையை ஆடு என்று நினைத்து.
பின்னால் கரித்துணியோடு ஒச்சம்மா.
"எங்கேருந்து வர்ற?"
"கேரளாவுலேர்ந்து."
அண்ணாந்து மலையைப் பார்த்தாள்.
"செக்போஸ்ட்ல நிப்பாட்டலயா?"
"உங்க புகையைப் பாத்துத்தான் இறங்கினேன்."
"அது நான் பத்தவைக்கல.
தீப்பெட்டிய நேத்தே மருமகன் எடுத்துட்டுப் போயிட்டான்,
பக்கத்துக் காட்டுலேர்ந்து தாவிருச்சு, அணைக்கத்தான் வந்தேன்.
சரி, அந்தத் துணி மீட்டர் எவ்வளவு?"

இருபத்திரண்டு நிமிடத்தில் இறங்கிய தூரம்
திரும்பி ஏற மறுநாள் விடியும்வரை ஆயிற்று.
ஐந்து மணி ஜீப்பில் ஏலக்காட்டுக்குப் போகும்
பதினாறு பெண்கள், தூக்குவாளிகள்,
கூரைமேல் மடித்த என் இறக்கை.
கம்பம்மெட்டு வளைவில் டயர் வழுக்கியபோது
எல்லோருடைய கையும் மேல்கம்பியில்.
என்னுடையதும், வெளுக்கும்வரை இறுகி.

யாரும் விடச் சொல்லவில்லை.